மோட்டார் அதிர்வு: இன்னும் உறுத்துகிற அந்த ஒரு ரீடிங்

மோட்டார் அதிர்வு பார்ப்பவர்கள் அவரவர் அனுபவத்தை எழுதியது. ஒவ்வொரு * குறிக்கும் பிறகு அடுத்தவர் எழுதுகிறார்.

2 போல் (இரண்டு காந்த முனை) மோட்டார், பம்ப்போடு, 2970 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று). கப்ளிங் (மோட்டாரையும் பம்ப்பையும் இணைப்பது) பக்கத்துப் பேரிங்கில் அதிர்வு 7 மி.மீ./செ. தாண்டிவிட்டது, ஸ்பெக்ட்ரத்தில் (அதிர்வை ஃப்ரீக்வென்சிவாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடம்) 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரே ஒரு முள் உயரமாக நின்றது. ஓடும் வேகத்தின் இரண்டு மடங்கு, அப்போ அலைன்மென்ட் கோளாறுதான் (இரண்டு ஷாஃப்ட்டும் நேர்கோட்டில் இல்லை) என்று ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன். இரண்டு தடவை அலைன்மென்ட் பார்த்து, கப்ளிங்கையும் மாற்றிவிட்டார்கள். ரீடிங் அசையவில்லை. கடைசியில் அங்கிருந்த மூத்த எலக்ட்ரீஷியன், "சார், மீட்டரையே பாருங்க, நான் ஆஃப் பண்றேன்" என்றார். பிரேக்கர் டப்பென்று விழுந்தது, அதே நொடியில் ரீடிங்கும் விழுந்தது. ஷாஃப்ட் மட்டும் கண்ணெதிரே விர்ரென்று சுற்றிக்கொண்டே இருக்கிறது! அப்போ கோளாறு எலக்ட்ரிகல். கால் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தோம், மூன்றாவதில் அதிர்வு பாதியானது. ஃபீலர் கேஜ் 0.3 மி.மீ. தகடு அந்தக் காலுக்கு அடியில் தாராளமாகப் போனது. சாஃப்ட் ஃபுட், அதாவது ஒரு கால் மட்டும் அடியில் சரியாக உட்காராதது. போல்ட்டை இறுக்கியதில் பாடி முறுகி, ஏர் கேப் (சுற்றும் ரோட்டாருக்கும் சுற்றாத பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி) ஒரு பக்கம் குறுகியிருக்கிறது. ஷிம் (மெல்லிய தகடு) வைத்ததும் 2-க்குக் கீழே வந்தது. நல்ல கப்ளிங்கைக் கழற்ற வைத்த அந்தக் கையெழுத்துதான் இன்னும் உறுத்துகிறது.

*

எனக்கு ரோட்டார் பார் (ரோட்டாரில் கரண்ட் ஓடும் கம்பி) விரிசல் விட்ட கதை. 4 போல், லோடில் 1470. சத்தம் ஏறி இறங்கி ஏறி இறங்கி வந்தது, அம்மீட்டர் முள்ளும் அதோடு சேர்ந்து ஆடியது. நான் செய்த தப்பு, கப்ளிங்கைக் கழற்றி வெறும் மோட்டாராக ஓட்டிப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று சொன்னது. லோடு இல்லாவிட்டால் ஸ்லிப்பும் (சுழலும் காந்தப்புலத்தைவிட ரோட்டார் பின்தங்கும் அளவு) இல்லாத மாதிரிதான், ரோட்டாரில் கரண்டும் சொற்பம், பிறகு எப்படித் தெரியும்? லோடில் எடுத்திருந்தால், ஓடும் வேகமான 24.5 ஹெர்ட்ஸின் இரண்டு பக்கமும் 2 ஹெர்ட்ஸ் தள்ளிக் குட்டி முட்கள் நின்றிருக்கும். இரண்டு மாதம் கழித்துத் திறந்தார்கள். எண்ட் ரிங்கோடு (பார்களின் முனைகளை இணைக்கும் வளையம்) பார் சேரும் இடம் நீலம் பாரித்து, மயிரிழைபோல் விரிசல். விரலை வைத்துப் பார்த்தேன், அந்தப் பார் ஆடியது.

*

முதலில் எழுதிய நண்பருக்கு. ஆஃப் செய்ததும் குறைந்தது என்பதை மட்டும் வைத்து எலக்ட்ரிகல் என்று முடிவு கட்டுவதை நான் ஏற்க மாட்டேன். ஆஃப் செய்தால் டார்க்கும் போகிறது, அதுபோக ஃப்ரேம் ரெசொனன்ஸில் (ஃப்ரேமின் இயல்பான அதிர்வோடு ஓடும் அதிர்வு ஒத்துப்போவது) இருந்தால் வேகம் கொஞ்சம் இறங்கினாலே அதிர்வு சரிந்துவிடும். டைம் வேவ்ஃபார்மைப் (நேரத்தோடு அதிர்வு எப்படி மாறுகிறது என்ற கோடு) பதிவு செய்து, கத்தரித்தாற்போல் விழுந்ததா, ஓரிரு நொடி எடுத்துச் சரிந்ததா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், உங்கள் மோட்டாரில் வேகத்தின் இரண்டு மடங்கு 99 ஹெர்ட்ஸ், லைன் ஃப்ரீக்வென்சியின் (கரண்ட் சப்ளையின் 50 ஹெர்ட்ஸ்) இரண்டு மடங்கு 100. நடுவில் 1 ஹெர்ட்ஸ்தான். 1000 ஹெர்ட்ஸ் வரைக்கும் 400 லைனில் (ஸ்பெக்ட்ரத்தை இத்தனை கூறாகப் பிரிப்பது) எடுத்தால் ஒரு லைனே 2.5 ஹெர்ட்ஸ், இரண்டும் ஒரே முள்ளாகத்தான் தெரியும். 200 ஹெர்ட்ஸ், 1600 லைன் என்று வையுங்கள், தனித்தனியாகப் பிரிந்துவிடும். இந்த ஒரு செட்டிங் போதும், கப்ளிங் பிழைத்திருக்கும்.

என் கதை சின்னது. விஎஃப்டியில் (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) ஓடும் மோட்டார், ஒரே பேரிங்கை மூன்று முறை மாற்றினோம். மூன்றாவதை வெட்டிப் பார்த்தால் வெளி ரேஸ் (பேரிங்கின் வெளி வளையம்) முழுக்கச் சலவைப் பலகைபோல் வரிவரியாக இருந்தது. ஷாஃப்ட் கரண்ட், அதாவது ஷாஃப்ட் வழியாகப் பேரிங்குக்குள் பாயும் கரண்ட். கிரவுண்டிங் பிரஷ்ஷும் இன்சுலேட்டட் பேரிங்கும் போட்டோம், நின்றது.

*

முதலில் எழுதியவன்தான். வேவ்ஃபார்ம் பதிவில் இருக்கிறது, இப்போதுதான் மறுபடி எடுத்துப் பார்த்தேன். கத்தரித்தாற்போல்தான் விழுந்திருக்கிறது. ஆனால் லைன் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி, 400-ல்தான் வைத்திருந்தேன்.

*

எங்களிடம் மொத்த ரீடிங் வெறும் 1.8, பச்சைப் பகுதி. பேரிங் பக்கம் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்த ஹெல்ப்பர் மட்டும் "மண்ணை அரைக்கிற மாதிரி கேக்குதுண்ணே" என்றான். 1.8-ஐக் காட்டி அவனை அனுப்பிவிட்டேன். மி.மீ./செ. கணக்கில் பேரிங்கின் ஆரம்பக் கோளாறு தெரியாது, என்வலப் (பேரிங்கின் நுண்ணிய தட்டல்களைப் பிரித்துக் காட்டும் ரீடிங்) எடுத்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் இரவு ஷிஃப்டில் ஷாஃப்ட் இறுகி நின்றது.