மறு: பக்கவாதத்துக்குப் பின் ரத்தத்தில் பார்ப்பது: குறிப்பானா, தடயமா?

அண்ணாச்சி, வணக்கம். பக்கவாதத்துக்குப் பின் செய்கிற சோதனைகளுக்கான நம் தமிழ்ச் சொற்பட்டியல் வரைவில், ரத்தத்தில் பார்க்கிற 'பயோமார்க்கர்' என்பதற்கு நீங்கள் எழுதியது இது:

> "உயிர்க்குறிப்பான்" என்றே வைத்துவிடலாம். ஏற்கெனவே புழங்குகிற சொல்.

இதில் எனக்கு உடன்பாடில்லை. குறிப்பான் என்றதும், அது ஒரு நோயைப் பெயர் சொல்லிக் காட்டிவிடும் என்று படிக்கிறவர் நினைத்துக்கொள்கிறார். நியூரோஃபிலமென்ட் லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நரம்பணுவின் நீண்ட இழைக்குள் சட்டம்போல் நிற்கிற புரதம் அது. இழை சிதைந்தால் கசிந்து ரத்தத்துக்கு வரும், அதுவும் மில்லிலிட்டருக்குப் பிகோகிராம் கணக்கில். சிதைந்திருக்கிறது என்று சொல்லும். எதனால் சிதைந்தது என்று சொல்லாது.

வெள்ளம் வடிந்தபின், திருநெல்வேலியில் தாமிரபரணிக்குள் நிற்கிற குறுக்குத்துறை முருகன் கோயில் சுவரில் நிற்கிற சேற்றுக்கோடு மாதிரி. தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பதற்கு அது சாட்சி. வந்தது பாபநாசத்துத் தண்ணீரா மணிமுத்தாற்றுத் தண்ணீரா என்று கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. 2023 டிசம்பரில் வந்ததைப் போன்ற பெருவெள்ளம் பழைய சிறு கோடுகளையும் மூடிவிடும். இந்தப் புரதமும் பக்கவாதம் வந்த முதல் சில வாரங்களில் உச்சிக்குப் போய், மாதக்கணக்கில் மெல்ல இறங்கும். அந்த ஏற்றத்துக்குள் அல்சைமரின் மெதுவான சிதைவும் ஒளிந்திருந்தால் பிரித்துப் பார்க்க வழியில்லை. வயது ஏறினாலும் சிறுநீரகம் தளர்ந்தாலும் எண் கூடும்; உடல் பருத்தவருக்குக் குறைத்துக் காட்டும். பக்கவாதம் வந்து எத்தனையாவது நாள் எடுத்த ரத்தம், சிறுநீரக நிலையைக் காட்டுகிற கிரியாட்டினின் எவ்வளவு, இந்த இரண்டும் பக்கத்தில் இல்லாத எண்ணை வைத்து ஒன்றும் சொல்லிவிடக் கூடாது. அதனால் 'குருதித் தடயம்' என்கிறேன். தடயம் என்றால் இனிமேல்தான் விசாரணை என்று நம் ஆட்களுக்குத் தானாகப் புரியும்.

வரைவில் 'நரம்பிழை ஒளிச்சங்கிலி' என்று இருப்பதை உடனே திருத்த வேண்டும். அங்கே லைட் என்பது வெளிச்சம் இல்லை, எடை. இழைப்புரதத்தில் கனமானது, நடுத்தரம், இலேசானது என்று வகை உண்டு; இது இலேசானது. 'நரம்பிழை இலகுபுரதம்' சரியாக இருக்கும்.

அடுத்தது, 'காக்னிட்டிவ் டிக்லைன்' என்பதற்கு வரைவில் இருக்கிற 'புலனுணர்வுச் சரிவு'. புலன் என்றால் கண், காது, மூக்கு. பார்வை மங்கியதாக எண்ணிக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். 'அறிவாற்றல்' வீட்டார் காதில் 'அறிவு போச்சு' என்று விழும். 'மறதி'யும் பொருந்தாது, ஏனென்றால் மூளையின் சிறு ரத்தக்குழாய்கள் பழுதானவர்களுக்குப் பல நேரம் முதலில் போவது நினைவு இல்லை, வேலையை வரிசைப்படுத்துகிற திறன். சொதி வைக்கிற ஒருவருக்கு என்னென்ன சாமான் வேண்டும் என்பது மறக்காது. ஆனால் காய் வேகும் முன்பே கெட்டியான முதல் தேங்காய்ப்பாலை ஊற்றிக் கொதிக்கவிட்டுத் திரியவைத்துவிடுவார். இதையெல்லாம் அடக்குகிற சொல் 'அறிதிறன்'தான்.

குறைபாடு, சரிவு இரண்டையும் ஒன்றாக எழுதுவதையும் நிறுத்தணும். ஒருமுறை சோதித்துக் குறைவாக வந்தால் குறைபாடு. இடைவெளி விட்டு மறுபடி சோதித்து, முன்னைவிட இறங்கியிருந்தால்தான் சரிவு. அறிதிறனைச் சோதிக்கிற மோக்கா தேர்வில் மொத்தம் 30 மதிப்பெண். படிப்பு 12 ஆண்டோ அதற்குக் கீழோ என்றால் ஒரு மதிப்பெண் கூட்டித் தருவார்கள். வலக்கை விழுந்தவரைக் கடிகாரம் வரையச் சொல்லிக் குறைத்துப் போட்டால், அங்கே அளந்தது கையை, அறிதிறனை இல்லை.

---

தம்பி,

தடயம் எனக்குச் சம்மதம், நரம்பிழைப் புரதத்துக்கு மட்டும். ரத்தத்தில் அளக்கிற ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்துக்கு அதே சொல்லைப் போடாதீர்கள். அது சேதம் விட்டுப்போன மிச்சம் இல்லை. பி12, ஃபோலேட் குறைந்தால் பக்கவாதத்துக்கு முன்பே ஏறி நிற்கக்கூடியது. உங்கள் ஆற்றுக் கணக்கிலேயே சொன்னால் அது சுவர்க்கோடு இல்லை, அணையின் நீர்மட்டம். அதற்கு 'இடர்ச்சுட்டி' என்று தனிச்சொல் வேண்டும். சுட்டி என்றால் கணினி எலி என்று சிலர் சொல்லக்கூடும். முன்னால் 'இடர்' நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது.

சொல்லோடு விளக்கவரியும் போகட்டும். ஹோமோசிஸ்டீனுக்கு ரத்தத்தை ஊதா மூடிக் குழாயில் எடுத்து, உடனே ஐஸில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சுழற்றி நீர்மத்தைப் பிரித்துவிட வேண்டும். பிரிக்காமல் வெறுமனே வைத்தால் சிவப்பணுக்கள் அதைத் தொடர்ந்து வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். மணிக்குச் சுமார் 10 சதவீதம் ஏறும். திசையன்விளையில் எடுத்த குழாய் பஸ்ஸில் பாளையங்கோட்டை வந்து சேர்வதற்குள் நல்ல அளவுகூடக் கெட்ட அளவாகிவிடும்.

உடலில் அழற்சி வந்தால் ரத்தத்தில் ஏறுகிற புரதமான சி.ஆர்.பி.யை எந்தப் பெட்டியில் போடுவது? படுத்தே கிடப்பவருக்கு நெஞ்சுச்சளி கட்டிக் காய்ச்சல் வந்தாலே அது எகிறும். தடயம் என்று எழுதினால் மூளைச் சேதம் என்று எடுத்துக்கொள்வார்கள். 'அழற்சி அளவு' என்று மட்டும் போட்டுவைக்கிறேன். இலகுபுரதம், அறிதிறன், குறைபாடு-சரிவு வேறுபாடு, இந்த மூன்றையும் உங்கள் சொற்படியே வரைவில் மாற்றிவிட்டேன்.