ரவுட்டர் இல்லாமல் மடிக்கணினியின் இணையத்தை வைஃபையில் பகிர்தல்: கைப்பேசி இணைகிறது, இணையம் வரவில்லை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் மடிக்கணினிக்கு இணையம் ஈத்தர்நெட் கம்பி வழியாக நேரடியாக வருகிறது. இடையில் ரவுட்டர் எதுவும் இல்லை. கம்பியைச் செருகிவிட்டு, சேவை நிறுவனம் தந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு விண்டோஸில் உள்ள பிராட்பேண்ட் இணைப்பை ஒவ்வொரு முறையும் டயல் செய்தால்தான் இணையம் கிடைக்கும். இதே இணைப்பைக் கைப்பேசியிலும் ஒரு பழைய டேப்லெட்டிலும் பயன்படுத்த விரும்புகிறேன். மடிக்கணினியிலேயே வைஃபை அடாப்டர் இருப்பதால், இதற்காகத் தனியே ஒரு ரவுட்டர் வாங்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

விண்டோஸ் 11 அமைப்புகளில் மொபைல் ஹாட்ஸ்பாட் என்ற பகுதியைத் திறந்து, பெயரும் கடவுச்சொல்லும் வைத்து இயக்கினேன். கைப்பேசி அந்தப் பெயரைக் கண்டு உடனே இணைந்துவிடுகிறது. ஆனால் ‘இணைக்கப்பட்டது, இணையம் இல்லை’ என்றே காட்டுகிறது. அதே நேரத்தில் மடிக்கணினியில் எல்லாத் தளங்களும் தடையின்றித் திறக்கின்றன. எந்த இணைப்பைப் பகிர வேண்டும் என்று கேட்கும் பட்டியலில் ஈத்தர்நெட் மட்டுமே இருக்கிறது. நான் டயல் செய்யும் இணைப்பின் பெயர் அங்கே இல்லை. இதற்கெனத் தனி மென்பொருள் ஏதேனும் நிறுவ வேண்டுமா, அல்லது விண்டோஸிலேயே வழி உண்டா என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் பதில்

வணக்கம் நண்பரே. நீங்கள் கொடுத்திருக்கும் விவரங்களிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. ஹாட்ஸ்பாட் என்று நாம் ஒரே பெயரில் அழைத்தாலும், அதற்குள் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. மடிக்கணினியின் வைஃபை அடாப்டர் ஓர் அணுகல் முனையாக மாறி, ஒரு பெயரை ஒலிபரப்பி, கடவுச்சொல்லைச் சரிபார்த்து, கைப்பேசியை உள்ளே விடுவது ஒரு வேலை. உள்ளே வந்த கைப்பேசிக்கு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒரு சாதனத்தை அடையாளம் காட்டும் எண்) ஒன்றைக் கொடுத்து, அது அனுப்பும் தரவை வெளியே செல்லும் இணைப்புக்குத் திருப்பிவிட்டு, வரும் பதிலை மீண்டும் அந்தக் கைப்பேசியிடம் சேர்ப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது வேலையைச் செய்வது விண்டோஸில் ஐசிஎஸ் எனப்படும் இணைப்புப் பகிர்வுச் சேவை. 1999-இல் வெளிவந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலிருந்தே அது இருந்துவருகிறது. மொபைல் ஹாட்ஸ்பாட் என்ற பொத்தானோ 2016-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது.

உங்கள் கைப்பேசி இணைந்துவிடுகிறது என்பதால் முதல் வேலையில் குறை இல்லை. இரண்டாவது வேலை எதுவரை நடக்கிறது என்பதை அறியக் கைப்பேசியின் வைஃபை விவரங்களைத் திறந்து ஐபி முகவரியைப் பாருங்கள். அது 192.168.137 என்று தொடங்கினால், மடிக்கணினி முகவரியை ஒழுங்காக வழங்கிவிட்டது என்று பொருள். விண்டோஸ் இப்பகிர்வுக்கு அந்த வரிசையைத்தான் பயன்படுத்துகிறது, மடிக்கணினி 192.168.137.1 ஆக இருக்கும். முகவரியே கிடைக்காமல் கைப்பேசி திணறினாலோ, டேப்லெட்டில் 169.254 என்று தொடங்கும் முகவரி தென்பட்டாலோ, தடை அதற்கு முன்பே இருக்கிறது. அப்போது வைரஸ் தடுப்பு மென்பொருளுடன் வரும் ஃபயர்வாலைத்தான் (வந்துபோகும் தரவைத் தடுக்கும் காவல் நிரல்) முதலில் சந்தேகிக்க வேண்டும்.

முகவரி சரியாக வந்திருக்கும் என்றே எதிர்பார்க்கிறேன். ஏனெனில் உங்கள் இணையம் உண்மையில் ஈத்தர்நெட் அடாப்டரில் இல்லை. நீங்கள் டயல் செய்வது பிபிபிஓஇ என்ற வகை இணைப்பு. கம்பி ஈத்தர்நெட்டாக இருந்தாலும், இணையத்துக்கான முகவரி டயல் செய்த பிறகு உருவாகும் வேறோர் இணைப்புக்கே கிடைக்கிறது. ஹாட்ஸ்பாட்டோ ஈத்தர்நெட்டைப் பகிர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே கைப்பேசியின் தரவு மடிக்கணினி வரை வந்து, இணையம் இல்லாத ஒரு வாசலில் போய் நின்றுவிடுகிறது.

தனி மென்பொருள் எதுவும் வேண்டாம் என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன். இலவச ஹாட்ஸ்பாட் மென்பொருள் என்று இணையத்தில் கிடைப்பவை பெரும்பாலும் விண்டோஸில் ஏற்கெனவே உள்ள இந்த வசதிகளுக்கு மேலே ஒரு திரையை மட்டும் வைத்துத் தருகின்றன. அவற்றில் சில, கேட்காத விளம்பர நிரல்களையும் உடன் நிறுவிவிடுகின்றன. உங்கள் வீட்டுச் சாதனங்கள் அனைத்தின் தரவும் கடந்து செல்லும் இடத்தில் யார் எழுதியது என்று தெரியாத ஒரு நிரலை உட்கார வைப்பது நல்லதன்று.

இரண்டாம் பதில்

முன்னவர் காரணத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். செய்முறையை நான் சொல்கிறேன். முதலில் பிராட்பேண்ட் இணைப்பை டயல் செய்து, மடிக்கணினியில் இணையம் வருவதை உறுதிசெய்துகொள்ளுங்கள். அடுத்து மொபைல் ஹாட்ஸ்பாட்டை இயக்குங்கள். அது இயங்கும்போதுதான் நமக்குத் தேவையான அடாப்டர் கண்ணுக்குத் தெரியும். பிறகு கண்ட்ரோல் பேனலில் அடாப்டர்களின் பட்டியலைத் திறந்தால், ஈத்தர்நெட், வைஃபை, உங்கள் பிராட்பேண்ட் இணைப்பு ஆகியவற்றோடு ‘லோக்கல் ஏரியா கனெக்‌ஷன்’ என்ற பெயரும், அதன் அருகே ஓர் உடுக்குறியும் (*) எண்ணும் கொண்ட ஒன்று புதிதாகத் தோன்றியிருக்கும். அதன் கீழே வைஃபை டைரக்ட் வர்ச்சுவல் அடாப்டர் என்று எழுதியிருந்தால் அதுதான் ஹாட்ஸ்பாட்டின் அடாப்டர். அந்த எண் கணினிக்குக் கணினி வேறுபடும் என்பதால் உங்களுடையதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பிராட்பேண்ட் இணைப்பின் மீது வலது சொடுக்கி பண்புகளைத் திறந்து, ‘ஷேரிங்’ என்ற பக்கத்துக்குச் செல்லுங்கள். இந்தக் கணினியின் இணைய இணைப்பைப் பிற பயனர்கள் பயன்படுத்த அனுமதிக்கும் கட்டத்தைக் குறியிட்டு, அதன் கீழுள்ள பட்டியலில் நீங்கள் குறித்துவைத்த ஹாட்ஸ்பாட் அடாப்டரைத் தேர்ந்தெடுங்கள். வைஃபை என்று பெயருள்ள அடாப்டரைத் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது. அது பிற வைஃபை நெட்வொர்க்குகளில் சேர்வதற்கானது. ஐசிஎஸ் ஒரே நேரத்தில் ஓர் இணைப்பை மட்டுமே பகிரும். எனவே ஈத்தர்நெட் அடாப்டரின் ஷேரிங் பக்கத்தில் அதே கட்டம் ஏற்கெனவே குறியிடப்பட்டிருந்தால், அந்தக் குறியை முதலில் நீக்கிவிட வேண்டும்.

இதன் பிறகும் கைப்பேசியில் தளங்கள் திறக்கவில்லை என்றால், கைப்பேசி உலாவியின் முகவரிப் பட்டியில் 1.1.1.1 என்று மட்டும் எழுதிப் பாருங்கள். எண்ணால் அழைத்த அந்தப் பக்கம் திறந்தோ, பட்டியிலுள்ள முகவரி one.one.one.one என்று மாறியோ பதில் வந்து, பெயரால் அழைக்கும் தளங்கள் திறக்காமல் இருந்தால், இணைப்பு நலமாக இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் மட்டுமே சிக்கல் என்று முடிவுசெய்யலாம். அப்போது கைப்பேசியின் வைஃபை அமைப்பில் டிஎன்எஸ் முகவரியாக அதே 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்பதைக் கையால் எழுதிவிட்டால் போதும்.

மடிக்கணினியை மறுதொடக்கம் செய்த பிறகு இந்தப் பகிர்வு சில வேளைகளில் செயல்படாமல் போகும். அமைப்பு அழிந்துவிட்டதோ என்று கவலைப்பட வேண்டாம். ஷேரிங் பக்கத்தில் குறியை நீக்கி, மீண்டும் குறியிட்டால் சேவை திரும்ப எழுந்துவிடும்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் பதிலில் சொன்னபடியே கைப்பேசியின் முகவரி 192.168.137 என்றுதான் தொடங்கியது. இரண்டாம் பதிலின்படி பிராட்பேண்ட் இணைப்பை ஹாட்ஸ்பாட் அடாப்டருக்குப் பகிர்ந்ததும் கைப்பேசியில் இணையம் வந்துவிட்டது. டிஎன்எஸ் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. கைப்பேசியைச் சிறிது நேரம் தொடாமல் வைத்துவிட்டுத் திரும்பினால் ஹாட்ஸ்பாட் தானாகவே அணைந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் மடிக்கணினிக்குச் சென்று இயக்க வேண்டியிருக்கிறது. மேலும், பழைய டேப்லெட்டின் பட்டியலில் இந்த ஹாட்ஸ்பாட்டின் பெயரே தென்படவில்லை. கைப்பேசிக்குத் தெரியும் பெயர் டேப்லெட்டுக்கு ஏன் தெரியவில்லை?

மூன்றாம் பதில்

டேப்லெட்டுக்கான விடை எளிது. உங்கள் ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கிக்கொண்டிருக்கும். பழைய டேப்லெட் 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே அறிந்ததாக இருக்கும். ஹாட்ஸ்பாட் பக்கத்தில் பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றும் இடத்திலேயே அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கும் வசதி உள்ளது. அங்கே 2.4 கிகாஹெர்ட்ஸை வைத்தால் இரு சாதனங்களும் சேரும். வேகம் சற்றுக் குறையலாம். ஆனால் சுவர்களைக் கடப்பதில் 2.4 மேலானது என்பதால் அடுத்த அறையில் அமர்ந்து படிப்பவருக்கு அதுவே உகந்தது. அதே இடத்தில் கடவுச்சொல்லையும் ஒருமுறை கவனியுங்கள். டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் அது 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். எட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் நீளமாக வைப்பதே நல்லது.

தானாக அணைவதற்குக் காரணம் மின்சேமிப்பு. எந்தச் சாதனமும் இணைந்திராதபோது ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடும் ஒரு தேர்வு அதே பக்கத்தில் இயங்கு நிலையில் இருக்கும். திரை அணைந்த கைப்பேசி தன் மின்கலத்தைக் காக்க வைஃபையை விட்டு விலகக்கூடும். விலகிய சிறிது நேரத்தில் ஆள் இல்லை என்று மடிக்கணினி கதவைச் சாத்திவிடும். அந்தத் தேர்வை நீக்கிவிடுங்கள். இதோடு மடிக்கணினி உறக்க நிலைக்குச் செல்லும் நேரத்தையும் பார்க்க வேண்டும். கணினி உறங்கினால் பகிர்வும் நின்றுவிடும், டயல் செய்த இணைப்பும் அறுந்துவிடும். மின்னேற்றியில் இருக்கும்போது உறங்க வேண்டாம் என்றும், மூடியை மூடினால் எதுவும் செய்ய வேண்டாம் என்றும் மின் அமைப்புகளில் குறிப்பிடலாம். ஆனால் மூடிய மடிக்கணினியைப் பைக்குள்ளோ மெத்தை மீதோ வைக்காமல், காற்றோட்டமான மேசையில் வையுங்கள். பல மணி நேரம் இயங்கும் கணினிக்கு வெப்பம் வெளியேற வழி வேண்டும்.

விண்டோஸ் ஹாட்ஸ்பாட்டில் 8 சாதனங்கள் வரை சேரலாம். உங்கள் தேவைக்கு அது தாராளம்.

நான்காம் பதில்

இதே தேவையோடு லினக்ஸ் பயன்படுத்துவோர் இங்கே வந்தால் பயன்படும் என்பதற்காக இதைச் சேர்க்கிறேன். நெட்வொர்க் மேனேஜர் என்ற இணைப்பு மேலாண்மை நிரல் உள்ள லினக்ஸ் பதிப்புகளில் வைஃபை அமைப்புகளிலேயே ஹாட்ஸ்பாட்டை இயக்கும் தேர்வு உண்டு; சாதனங்களுக்கு 10.42.0 என்று தொடங்கும் முகவரிகள் கிடைக்கும். கேட்டவருக்கு ஏற்பட்ட டயல் இணைப்புச் சிக்கல் அங்கே பெரும்பாலும் எழுவதில்லை. பகிரப்பட வேண்டிய இணைப்பை நாம் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. இயல்பான வெளிவழி எதுவோ, அது பிபிபிஓஇயாக இருந்தாலும், தரவு அதன் வழியே போய்விடும். கவனிக்க வேண்டியது அடாப்டரின் திறன் மட்டுமே. அணுகல் முனையாக மாறுவதற்கு அதன் டிரைவர் (அதை இயக்கும் நிரல்) இடம் கொடுக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். சில அடாப்டர்கள் பிற நெட்வொர்க்குகளில் சேர மட்டுமே தெரிந்தவை.

மேக் கணினியில் பொது அமைப்புகளின் கீழ் வரும் பகிர்வுப் பகுதியில் இணையப் பகிர்வு இருக்கிறது. எந்த இணைப்பிலிருந்து என்பதையும், வைஃபை வழியாக என்பதையும் அங்கே குறிப்பிட்டு இயக்கலாம்.

ஐந்தாம் பதில்

எனக்கு இதனோடு ஒட்டிய ஒரு கேள்வி. என் மடிக்கணினிக்குக் கம்பி இணைப்பு இல்லை. இணையமே வைஃபையில்தான் வருகிறது. அதையே மீண்டும் வைஃபையாகப் பகிர முடியுமா? நான் தங்கியிருக்கும் விடுதியின் வைஃபை ஒரு கணக்குக்கு ஒரு சாதனத்தையே ஏற்கிறது.

முதல் பதில் எழுதியவரின் மறுமொழி

விண்டோஸில் முடியும். ஒரே அடாப்டர் ஒரு நெட்வொர்க்கில் சேர்ந்திருந்தபடியே மற்றொன்றை ஒலிபரப்பவும் பல டிரைவர்கள் இடம் கொடுக்கின்றன. ஆனால் ரேடியோ ஒன்றுதான் என்பதால் இரு பக்கங்களும் பொதுவாக ஒரே சேனலில் (அலைவரிசையின் ஒரே பிரிவில்) இயங்க வேண்டியிருக்கும். விடுதியின் வைஃபை 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும்போது நீங்கள் 2.4-ஐத் தேர்ந்தெடுத்தால் ஹாட்ஸ்பாட் தொடங்க மறுப்பதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். தவிர, ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் காற்றில் இருமுறை பயணிக்கிறது: ஒருமுறை விடுதியிலிருந்து மடிக்கணினிக்கு, மறுமுறை மடிக்கணினியிலிருந்து கைப்பேசிக்கு. ஆகவே கைப்பேசிக்குக் கிடைக்கும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும் என்று எதிர்பாருங்கள். யூஎஸ்பியில் செருகும் இரண்டாவது வைஃபை அடாப்டர் ஒன்று இருந்தால், ஒன்றில் பெற்று மற்றொன்றில் வேறு சேனலில் பகிர்ந்து இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

தொழில்நுட்பத்தால் முடியும் என்பது மட்டும் போதாது என்று எண்ணுகிறேன். உங்கள் மடிக்கணினியின் பின்னால் எத்தனை சாதனங்கள் இருந்தாலும் விடுதியின் நெட்வொர்க்குக்கு அவை பொதுவாக ஒரே சாதனமாகவே தெரியும். அவற்றில் ஒன்றில் எது நடந்தாலும் அது உங்கள் கணக்கின் பெயரிலேயே பதிவாகும். ஒரு சாதனம் என்ற வரம்பை அவர்கள் ஏன் வைத்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நிர்வாகத்திடம் கேட்டு, இரண்டாவது சாதனத்தையும் சேர்த்துத் தர முடியுமா என்று பாருங்கள். அவர்கள் சேர்த்துக்கொடுத்தால் கைப்பேசி நேரடியாக இணையும். பாதி வேகத்தோடு மல்லாட வேண்டிய தேவையே உங்களுக்கு இராது.