பொருள்கள் சரியாக வருகின்றன, படம் ஏன் ஒன்றுசேரவில்லை?

நீலத்தூரிகை:
மேசை மேல் ஒரு ஜாடி, இரண்டு பழங்கள், ஒரு துணி. ஜாடியை உருளை, பழத்தை உருண்டை என்று பிரித்துத்தான் வரைகிறேன். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரி. மொத்தமாகப் பார்த்தால் சாமான்களை வரிசையாக வைத்த மாதிரி இருக்கிறது. எளிய வடிவங்களாகப் பார் என்று சொல்வது இதைத்தானா?

கரித்துண்டு:
நீங்கள் செய்வது பொருளின் முப்பரிமாண உருவத்தைப் பிடிக்கும் வேலை. உருளை, கோளம், கூம்பு என்று பிரெஞ்சு ஓவியர் செசான் 1904இல் இன்னொரு ஓவியரான எமில் பெர்னாருக்கு எழுதினாரே, அந்த வகை. படத்தை அமைக்க வேண்டியது தட்டையான வடிவம். அது பொருளின் எல்லைக்குள் அடங்காது. ஜாடியின் இருண்ட பக்கம், அது மேசையில் போடும் நிழல், துணியின் மடிப்பு மூன்றும் சேர்ந்தால் ஒரே கருப்புத் துண்டு. முதலில் அதை வரையுங்கள், ஜாடியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணை நன்றாக இடுக்கிப் பாருங்கள். விவரம் மங்கி, துண்டுகள் மட்டும் நிற்கும். தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம் போட்டு, வெள்ளை, சாம்பல், கருப்பு என மூன்றே டோனில் (வெளிச்ச-இருள் அளவில்) அவற்றை நிரப்புங்கள். ஐந்தாறு துண்டு போதும். எல்லாம் ஒரே அளவில் இருந்தால் படத்தில் உயிர் இருக்காது. ஒன்று மற்றதையெல்லாம் அடக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். வண்ணம் தீட்டுவதைவிட இந்தக் குட்டிக் கட்டங்கள்தான் எனக்கு அதிகம் பிடித்த வேலை.

ஓரக்கோடு:
பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1819இல் காட்சிக்கு வைத்த 'மெதூசாவின் தெப்பம்' ஓவியத்தை எடுத்து இப்படிப் பாருங்கள். கப்பலை இழந்து தெப்பத்தில் தவிப்பவர்களின் படம் அது. அத்தனை உடல்கள், ஆனால் அமைப்பு இரண்டு முக்கோணம்தான். ஒன்று பாய்மரமும் கயிறுகளும். இன்னொன்று கீழே கிடப்பவர்களிடம் தொடங்கி, துணியை அசைத்துக் காட்டுகிறவனின் கையில் போய் முடிகிறது. ஒரு முக்கோணத்துக்குள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்!

நீலத்தூரிகை:
ஒரு பழத்தை ஜாடியின் நிழலுக்குள் தள்ளி வைத்தேன். வெளிச்சம் விழும் துணி இப்போது பெரிய வெள்ளைத் துண்டாகத் தெரிகிறது, கண் நேராக அங்கே போகிறது. ஆனால் பழத்தின் பாதி விளிம்பு இருட்டில் காணாமல் போய்விட்டது. கோடு போட்டுக் காட்டலாமா?

கரித்துண்டு:
வேண்டாம். இடுக்கிப் பார்க்கும்போது தெரியாத விளிம்பை விட்டுவிடுங்கள், பார்ப்பவர்களே அந்தப் பாதியை நிரப்பிக்கொள்வார்கள். இன்னொரு பழத்தைக் கவனியுங்கள்: அதன் விளிம்பு ஜாடியின் விளிம்பைச் சும்மா தொட்டுக்கொண்டு நின்றால் இரண்டும் ஒட்டிக்கொண்ட மாதிரி தெரியும். ஒன்று மற்றொன்றை மறைக்கட்டும், இல்லை நன்றாக விலகட்டும்.