மறு: மறு: சென்டர் கன்சோலுக்கு ஒரு தமிழ்ச் சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

காரின் இரண்டு முன்னிருக்கைகளுக்கும் நடுவே இருக்கும் சென்டர் கன்சோல் என்ற பாகத்துக்கு, இந்த இழையில் 'இடைப்பேழை' என்ற சொல்லை முன்வைத்தவன் நான். மூன்று வாரமாக அதற்காக விடாமல் வாதாடியவனும் நான்தான். இன்று அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சனிக்கிழமை நண்பர் ஒருவரின் 1973ஆம் ஆண்டு எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து அந்தப் பாகத்தை நானே கழற்றினேன். வெளியே எடுத்து, தலைகீழாகப் புரட்டித் தரையில் வைத்தேன். அதற்கு அடியே இல்லை. மேலே மூடி இருக்கிறது, பக்கங்கள் இருக்கின்றன, கியர் தண்டுக்கு ஓட்டை இருக்கிறது. கீழே வெறுமை. சாமான் போட்டுவைக்க ஒரு சின்னக் குழி உண்டு. அது மட்டும்தான் பெட்டி. மற்றதெல்லாம் கவிழ்த்துவைத்த ஓடு.

பேழை என்றால் உள்ளே ஒன்றை வைத்துக் காப்பது. இது எதையும் உள்ளே வைத்துக் காக்கவில்லை, எதன் மேலோ கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறது. இத்தனை நாளும் இருக்கையில் உட்கார்ந்து மேலிருந்து பார்த்தே பெயர் வைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த இழை எதற்காகத் தொடங்கியது என்பதைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைச் சீரமைப்பவர்களுக்குத் தமிழில் ஒரு செய்முறைக் குறிப்பு எழுதுகிறோம். என் முதல் வரைவில் "நடுமேட்டைக் கழற்றவும்" என்று ஒரு வரி இருந்தது. படித்துப் பார்த்த ஒருவர், "மேட்டை எப்படிக் கழற்றுவது? வெட்டித்தானே எடுக்க வேண்டும்?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் கேட்டது முற்றிலும் சரி. இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே எழும்பி நிற்பது ஒரு பொருள் அல்ல, இரண்டு. கீழே இருப்பது இரும்புத் தகட்டு மேடு. எம்ஜிபிக்குத் தனி சட்டகம் (சேஸி) கிடையாது. உடலே சட்டகம், அந்த மேடும் தளத்தோடு பற்றவைத்த உடலின் பகுதி. கியர் பாக்ஸும் பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டும் அதற்குள்தான் ஓடுகின்றன. அதன் மேல் திருகாணியால் பிடித்து உட்காரவைத்திருப்பதுதான் கன்சோல். முதலாவதில் கை வைக்கக் கூடாது. இரண்டாவதைக் கழற்றாமல் வேலை நடக்காது. இவை இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் படிப்பவர் கையில் வெட்டும் கருவியைக் கொடுத்த பாவம் நமக்கு.

ஆகவே சொல் நன்றாக ஒலிக்கிறதா என்பதைவிட, இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். இனி உங்கள் மடல்களுக்கு வருகிறேன்.

> கட்டுப்பாட்டு மேடை என்று போட்டுவிடலாமே? விமானத்துக்கும் பொருந்தும், காருக்கும் பொருந்தும்.

விமானத்துக்குப் பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். காரில் இடிக்கிறது. சனிக்கிழமை நான் கழற்றிய பாகத்தில் கட்டுப்பாடு என்று சொல்ல எதுவுமே இல்லை. கியர் தண்டு அதன் வழியாக மேலே வருகிறதே தவிர, அதில் பொருத்தப்படவில்லை. கன்சோலை எடுத்த பிறகும் தண்டு கியர் பாக்ஸின் மேல் நின்றுகொண்டே இருக்கிறது. 1969இல் வந்த டட்சன் 240இசட்டை எடுத்தால் கதை வேறு. அதில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக் நெம்புகோல் கன்சோலிலேயே இருக்கிறது, ஃபியூஸ் பெட்டியும் அங்கேதான். ஒரு காரில் கட்டுப்பாட்டு இடம், இன்னொரு காரில் கை சாய்க்கும் இடம். வேலையை வைத்துப் பெயரிட்டால் காருக்குக் கார் பெயர் மாறும். 'கைச்சாய்வு' என்று எழுதிய நண்பருக்கும் இதுவே என் பதில்.

பிரெஞ்சு மூலமும் கட்டுப்பாட்டைச் சொல்லவில்லை. கட்டடக் கலையில் சுவரிலிருந்து நீண்டு, மேலே உள்ளதைத் தாங்கும் உறுப்புக்குத்தான் கன்சோல் என்று பெயர். நம் கோயில் தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகைக்கு நெருங்கிய உறவு. பிறகு ஆர்கன் இசைக்கருவியின் விசைப்பலகைகள் அமைந்த மேசைக்குப் போனது, அப்படியே மற்றவற்றுக்கும். போதிகை என்ற சொல்லின் மேல் எனக்கு ஆசை உண்டு, மறைக்கவில்லை. ஆனால் காரில் இருப்பது எதையும் தாங்கவில்லை. வேரைத் தேடிப்போனால் அழகான சொல் கிடைக்கும், பொருள் கைநழுவிப்போகும்.

> பணியகம் என்ற சொல் கணினியில் ஏற்கெனவே புழங்குகிறதே?

"பணியகத்தின் திருகாணிகளைக் கழற்றவும்" என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஏதோ அலுவலகத்தையே காலி செய்வது போல இருக்கிறது.

> உறை என்றால் எளிமையாக இருக்குமே.

உறை என்றதும் துணி, தோல், ரெக்சின் நினைவுக்கு வருகின்றன. மென்மையானது, மேலே போர்த்துவது. 1961இல் வந்த ஜாகுவார் இ-டைப்பின் முதல் கார்களில் கன்சோலின் மேற்பரப்பு பளபளக்கும் அலுமினியம். 1963இல்தான் அது கறுப்பு மேலுறைக்கு மாறியது. அந்த அலுமினியத்தை உறை என்று சொல்ல எனக்கு நா வரவில்லை. அதோடு 'உறை' நமக்கு வேறொரு இடத்தில் தேவைப்படுகிறது. கியர் தண்டைச் சுற்றி மடிப்பு மடிப்பாக இருக்கிறதே, மெக்கானிக்குகள் 'பூட்' என்கிறார்களே, அதற்குச் 'சுருக்குறை' என்று எழுதலாம் என்பது என் எண்ணம். சுருக்குப்பை தெரிந்த எவருக்கும் விளக்கம் வேண்டியதில்லை.

> கன்சோல் என்றே எழுதுங்கள். மெக்கானிக்குக்குப் புரிந்தால் போதாதா?

இந்த இழையிலேயே வலுவான வாதம் இதுதான். இதை ஒதுக்கித் தள்ள மாட்டேன். ஸ்பேனர், வாஷர், வயர்களை இணைக்கும் கப்ளர் எல்லாவற்றையும் நான் அப்படியே வைத்திருக்கிறேன். கப்ளரை 'இணைப்பி' என்று மாற்றினால் யாருக்கும் பயனில்லை. ஆனால் கன்சோல் என்று சொல்பவர்கள் எதைக் காட்டிச் சொல்கிறார்கள் என்று கவனித்தேன். பாதிப் பேர் மேடு முழுவதையும் சேர்த்தே காட்டுகிறார்கள். கடன் வாங்கிய சொல்லும் நம் குழப்பத்தைத் தீர்க்கவில்லை. ஆகவே முதல்முறை வரும் இடத்தில் "சென்டர் கன்சோல் எனப்படும்" என்று சொல்லிவிட்டு, அதன்பின் தமிழ்ச் சொல்லோடு போகலாம்.

> இடைக்கூடு என்று வையுங்கள்.

இதை எழுதிய அம்மாவுக்கு என் வணக்கம். நீங்கள் இதை இரண்டாவது நாளே சொல்லிவிட்டீர்கள். நான்தான் பேழையைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். உள்ளே வெறுமையாக, மேலே வடிவம் மட்டுமாக நிற்பதைத்தான் நாம் கூடு என்கிறோம். தரையில் கிடந்த அந்தப் பொருளைப் பார்த்ததும் உங்கள் சொல்தான் வாயில் வந்தது. சவப்பேழை நினைவுக்கு வருகிறது என்று வேறொருவர் சொன்னபோதும் நான் இறங்கிவரவில்லை. அவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

> மருத்துவனாக ஒரு ஐயம்: இடைக்கூடு என்றால் என் காதில் இடுப்புக்கூடு என்று விழுகிறது.

எனக்கும் இப்போது அப்படித்தான் விழுகிறது, ஐயா. 'இடை'யில் இடுப்பும் இருக்கிறது, இடைவெளியும் இருக்கிறது. 'நடு'வுக்கு அந்தச் சிக்கல் இல்லை. 'மையக்கூடு' என்றால் ஏதோ அணுவின் உட்கரு போல ஒலிக்கிறது. ஆகவே நான் இப்போது முன்வைப்பது:

நடுக்கூடு.

வேற்றுமை உருபு ஏற்றிப் பார்த்தேன். நடுக்கூட்டை, நடுக்கூட்டில், நடுக்கூட்டின் அடியில். எங்கும் தடுக்கவில்லை. பின்னிருக்கைகளுக்கு நடுவே வந்தால் பின்நடுக்கூடு. கூரையில் விளக்கும் கண்ணாடி வைக்கும் இடமுமாக வருவதற்கு மேற்கூடு. ஒரு சொல் இப்படிக் குட்டி போடும்போதுதான் எனக்கு அதன் மேல் நம்பிக்கை வருகிறது.

கீழே உள்ள தகட்டு மேட்டுக்கு 'வரப்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் மகிழ்ந்துபோனேன். இரண்டு வயலுக்கு நடுவே வரப்பு, இரண்டு இருக்கைக்கு நடுவே இது. பார்த்த மாத்திரத்தில் பொருந்துகிறது. ஆனாலும் யோசித்து 'தண்டுப்புழை' பக்கம் சாய்கிறேன். வரப்பு கெட்டியான மண். இது உள்ளீடற்றது, உள்ளே பின்சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் தண்டு சுழல்கிறது. அதைப் பெயரே நினைவூட்டினால் ஒரு தவறு குறையும். பழைய திருகாணி தொலைந்துபோனால் கைக்குக் கிடைத்த நீளத்தில் வேறொன்றை முடுக்குவது வழக்கம். நீளம் கூடினால் அது தகட்டைத் துளைத்து மறுபக்கம் நீட்டிக்கொள்ளும், அங்கே ஓடும் வயரிங்கில் போய் முட்டும். 'வரப்பில் முடுக்கவும்' என்றால் எவ்வளவு நீளமும் போகலாம் என்று தோன்றும். 'புழை' என்றால் கை தானாக நிதானிக்கும்.

முன்சக்கரம் இழுக்கும் கார்களில் இந்தத் தண்டே கிடையாது, அங்கே என்ன சொல்வது என்று கேட்பீர்கள். நம் குறிப்பு பின்சக்கர ஸ்போர்ட்ஸ் கார்களுக்கானது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

புதிய சொற்களோடு அந்தப் பத்தியைத் திருத்தி எழுதியிருக்கிறேன். சொல் தாங்குகிறதா என்று இதில் பாருங்கள்:

"சென்டர் கன்சோல் எனப்படும் நடுக்கூட்டைக் கழற்றும் முன் பேட்டரியின் எர்த் இணைப்பை (காரின் உடலோடு சேருவதை) எடுத்துவிடவும். 1974 வரை வந்த எம்ஜிபி கார்களில் இருக்கைகளுக்குப் பின்னால், தளத்தின் மூடிக்குக் கீழே இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கும். 1967 வரை வந்தவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். பழக்க தோஷத்தில் நெகட்டிவைக் கழற்றிவிட வேண்டாம். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்கவும். கியர் தண்டின் குமிழுக்குக் கீழே உள்ள பூட்டு நட்டைத் தளர்த்திக் குமிழைச் சுழற்றி எடுக்கவும். 1977 மாதிரியிலிருந்து ஓவர்டிரைவ் (வேகப் பயணத்துக்கான கூடுதல் கியர்) சுவிட்ச் குமிழிலேயே இருக்கும். அதன் வயர்களை விடுவிக்காமல் குமிழைச் சுழற்றினால் வயர் முறுக்கி அறுந்துபோகும். சுருக்குறையைப் பிடித்திருக்கும் வளையத்தின் திருகாணிகளை எடுக்கவும். கை சாய்க்கும் மூடியைத் தூக்கி, உள்ளே உள்ள திருகாணியையும் எடுக்கவும். நடுக்கூட்டைச் சிறிது மட்டும் உயர்த்தி, அடியில் கை விட்டுக் கப்ளர்களைப் பிரிக்கவும். வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம், கப்ளரின் உடலைப் பிடிக்கவும். கியர் தண்டைப் பின்னுக்குத் தள்ளி, நடுக்கூட்டை அதன் தலைக்கு மேலாக வெளியே எடுக்கவும். வராவிட்டால் நெம்ப வேண்டாம். எங்கோ ஒரு திருகாணி மிச்சம் இருக்கிறது. தண்டுப்புழையின் மேல் துரு இருக்கிறதா என்று இப்போது பார்க்கவும்."

கடைசிக்கு முந்தைய வரி என் அனுபவம். ஐம்பது ஆண்டு வெயிலும் சூடும் பட்ட பழைய பாகம் வளையாது, விரிசல் விடும். அந்தத் திருகாணி தரைவிரிப்பின் மடிப்புக்குள் ஒளிந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

இன்னும் ஒரு சொல் மிச்சம். சுருக்குறையின் விளிம்பை அழுத்திப் பிடிக்கும் வளையத்தைப் பத்தியில் 'பிடித்திருக்கும் வளையம்' என்றே விட்டிருக்கிறேன். 'பிடிவளையம்' என்றால் கையால் பிடிப்பதற்கான வளையம் என்று படிப்பவர் நினைப்பாரோ என்று தயக்கம். 'அழுத்துவளையம்'? வேறு ஏதேனும் தோன்றினால் எழுதுங்கள். வண்டி இன்னும் பிரித்த நிலையில்தான் கிடக்கிறது. திரும்பப் பூட்டுவதற்குள் சொன்னால் கையில் வைத்துப் பார்த்தே முடிவு செய்யலாம்.

அன்புடன்,
இடைப்பேழையை முன்வைத்தவன்