மறு: "இடம்பிடி" போதுமா? செயற்கை நுண்ணறிவு எழுதி நிரப்பும் பகுதிக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம். நாம் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கும் தளம் கட்டும் செயலியில், இயந்திரம் தானாக எழுதி நிரப்பும் பகுதிக்கு என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்கு வந்த பதில்களுக்கு என் மறுமொழி இது.

> ப்ளேஸ்ஹோல்டருக்கு (உரியது வரும்வரை இடத்தை நிரப்பி வைக்கும் வாசகத்துக்கு) "இடம்பிடி" என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஆள் எழுதினால் என்ன, செயற்கை நுண்ணறிவு எழுதினால் என்ன? அதையே வைத்துக்கொள்ளலாமே.

பாலக்காட்டு நண்பர் சொல்லும் சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறவர்கள் நாம். "இடம்பிடி" என்றால் யாருக்கும் விளக்கவுரை வேண்டாம். ஆனால் துண்டைப் பார்த்ததும் அது துண்டு என்று தெரிந்துவிடும். அச்சுத் தொழிலில் காலங்காலமாகப் போட்டுவந்த 'லோரம் இப்சம்' அந்த வகைதான். ரோமானிய அறிஞர் சிசரோ கி.மு. 45இல் எழுதிய லத்தீன் நூலிலிருந்து பிய்த்துச் சிதைத்த வரிகள் அவை. 1960களில் எழுத்துகளைத் தேய்த்து ஒட்டும் லெட்ராசெட் தாள்களில் பரவி, 1980களில் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளோடு கணினிக்குள் வந்தன. படித்தால் ஒன்றும் விளங்காது என்பதே அவற்றின் அருமை. மாற்ற மறந்து அப்படியே வெளியே போனாலும், பார்த்தவர் சிரிப்பார், ஏமாற மாட்டார்.

இப்போது வந்து நிரம்புவது வேறு சரக்கு. மறையூரில் என் சித்தப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, கரும்பு போட்டுச் சொந்த ஆலையில் வெல்லம் காய்ச்சுகிறார். மூணாறுக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி வாங்குகிறவர்களை நம்பித்தான் இதுவரை வியாபாரம். இணையத்திலும் விற்கலாம் என்று, நான்கு வரி எழுதிக் கொடுத்தால் தளம் கட்டித் தருகிற செயலி ஒன்றில் உட்கார்ந்தார். ஒரே மாலையில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் பக்கம் தயார். விலைப்பட்டியல், வாட்ஸ்அப் பொத்தான், வழிகாட்டும் வரைபடம் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. வேகத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதற்கே ஆள் வைத்திருந்தால் ஒரு மாதமும் நல்ல தொகையும் போயிருக்கும்.

பக்கத்தைப் படித்த பிறகுதான் வேடிக்கை. "எங்களைப் பற்றி" பகுதியில் அரை நூற்றாண்டுப் பாரம்பரியம். ஆலையைப் போட்டதே அண்ணன்தான். கீழே கோயம்புத்தூர் அம்மா ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, தம் பேரப்பிள்ளைகள் இதைத் தவிர வேறு இனிப்பைத் தொடுவதில்லை என்கிறார். அப்படி ஓர் அம்மாவும் கிடையாது, பேரப்பிள்ளைகளும் கிடையாது. எல்லாவற்றுக்கும் அடியில் உணவுப் பாதுகாப்பு உரிம எண். அந்த எண்ணுக்கு 14 இலக்கம் என்பது இயந்திரத்துக்குத் தெரிந்திருக்கிறது. பிசகாமல் 14 இலக்கம் போட்டிருந்தது. எண் யாருடையது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. "நம் ஆலையைப் பற்றி நமக்கே தெரியாததையெல்லாம் எழுதியிருக்கிறதே" என்று அண்ணன் வியந்து போய்விட்டார்.

(இடையில் ஒன்று. மலையாளத்தில் சர்க்கரை என்றால் வெல்லம், சீனிக்குப் பஞ்சசாரை. அண்ணன் இரண்டு மொழியிலும் சர்க்கரை என்றே சொல்லிப் பழகியவர், செயலிக்கும் அப்படியே எழுதிக் கொடுத்தார். மலையாளப் பக்கத்தில் வெல்லம் வந்தது. தமிழ்ப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று சீனிப் படம். கையால் பிடித்த உருண்டையைக் கைப்பேசியில் படமெடுத்து மாற்றினோம்.)

இவற்றைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. மறையூர்ச் சர்க்கரைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரில் விற்கிறவரின் பக்கத்தில் பொய் உரிம எண் இருந்தால் யார் தலையில் விடியும்? அதே 2019இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, திசைதிருப்பும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். இயந்திரம் எழுதியது என்று சொல்லித் தப்ப வழியில்லை.

ஆகவே நாம் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கும் தளம் கட்டும் செயலியில், இயந்திரம் தானாக எழுதிய ஒவ்வொரு பகுதியையும் உரிமையாளர் பார்த்து ஒப்புக்கொள்ளும்வரை மஞ்சள் கட்டத்துக்குள் காட்டப்போகிறார்கள் என்ற செய்தி எனக்கு மகிழ்ச்சி. அந்தக் கட்டத்தின் தலையில் ஒரு சொல் வேண்டும். "இடம்பிடி" என்று எழுதினால் அண்ணன் என்ன நினைப்பார்? இடத்தைப் பிடித்துக்கொண்டது, நல்லது என்று விட்டுவிடுவார். போதாக்குறைக்குப் படிவங்களில் தட்டச்சும் முன் மங்கலாகத் தெரியும் குறிப்புக்கும் ஆங்கிலத்தில் இதே ப்ளேஸ்ஹோல்டர்தான். அதற்கும் நாம் "இடம்பிடி" என்றே போட்டு வைத்திருக்கிறோம்.

> "போலியுரை" என்றால் சுருக்கமாக இருக்கும்.

சுருக்கம்தான். இலக்கணம் படித்தவருக்குப் போலி வசைச்சொல் அல்ல. முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி என்று மூன்றையும் மரியாதையாகவே படித்தோம். கடைக்காரருக்குப் போலி என்றால் போலி மருந்து, போலிப் பத்திரம்தான். தம் பக்கத்தில் "போலியுரை" என்று மஞ்சளில் எழுதியிருப்பதைப் பார்த்தால் செயலியையே மூடிவிடுவார். தவிர, நிரம்பியது எல்லாம் பொய்யுமல்ல. "மழைக்காலத்தில் வெல்லம் இளகும், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்" என்றும் அதே இயந்திரம்தான் எழுதியது. அது உண்மை, அண்ணன் அதை அப்படியே வைத்துக்கொண்டார்.

> ஏற்கெனவே "மாயத்தோற்றம்" இருக்கிறதே?

அது, கேட்ட கேள்விக்குச் செயற்கை நுண்ணறிவு இல்லாததைச் சொல்வதற்கான சொல். இங்கே யாரும் கேள்வி கேட்கவில்லை. வார்ப்புருவில், அதாவது பக்கத்தின் முன்வரைவில், வாடிக்கையாளர் கருத்துக்கென்று மூன்று பெட்டிகள் காலியாக இருந்தன. நிரப்பு என்றோம், நிரப்பியது. இதில் இயந்திரத்துக்குப் பங்கு எவ்வளவோ அவ்வளவு வார்ப்புருவை வரைந்தவருக்கும் உண்டு.

நான் முன்வைப்பது: இட்டுநிரப்பு.

குறை உள்ள இடத்தில் எதையாவது போட்டுச் சரிக்கட்டுவதை "இட்டு நிரப்புதல்" என்பது நம் பேச்சிலும் எழுத்திலும் உள்ளதுதான். உண்மை, பொய் என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. உரியது வரவில்லை, வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. நமக்கு வேண்டியதும் அதுவே: பொய் அல்ல, இன்னும் யாரும் பார்த்து உறுதிசெய்யாதது. வினையாகவும் பெயராகவும் மடங்காமல் நடக்கும்: "இட்டுநிரப்பிய பகுதிகளைக் காட்டு", "இட்டுநிரப்பை நீக்கு", "இந்தப் பக்கத்தில் 3 இட்டுநிரப்புகள் உள்ளன." மலையாளத்திலும் இட்டு, நிறை இரண்டும் உண்டு, மறையூரில் மலையாளம் மட்டும் படித்த பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன், காதில் விழுந்ததும் பிடித்துக்கொண்டார்கள்.

பழைய லத்தீன் வரிகளுக்கு "இடம்பிடி" அப்படியே இருக்கட்டும். படிவத்துக்குள் தெரிவதற்கு "உள்ளீட்டுக் குறிப்பு" என்று மாற்றிவிடலாம் என்பது என் எண்ணம். மூன்றும் மூன்று பொருள்.

மறையூரிலிருந்து

———

வணக்கம் ஐயா.

இவ்வளவு சுற்றுவானேன், "இட்டுக்கட்டு" என்றே வைத்தால் என்ன? ஊரறிந்த சொல். இங்கே ஏலக்காய்க் கடைக்காரர் ஒருவரின் தளத்தில் அவர் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்வதாக எழுதியிருக்கிறது. அவர் கம்பம் தாண்டி எதையும் அனுப்பியதில்லை. அதை இட்டுநிரப்பு என்று நாசூக்காகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குமுளியிலிருந்து

———

அம்மா,

இட்டுக்கட்டுவதற்கு ஒரு நோக்கம் வேண்டும். ஒருவர் மேல் பழி போட, ஒன்றைப் பெரிதாக்கிக் காட்டத்தான் இட்டுக்கட்டுவார்கள். இயந்திரத்துக்கு அந்த நோக்கம் கிடையாது, கடைக்காரருக்கும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பார்த்த பிறகும் அந்த ஏற்றுமதி வரியை அவர் எடுக்காமல் விட்டால், அன்றைக்கு உங்கள் சொல் தாராளமாகப் பொருந்தும். இரண்டு சொல்லும் ஒலியில் நெருங்கி நிற்பது எனக்குப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்: மஞ்சள் கட்டத்தைப் பார்க்கிறவருக்குச் சின்னதாக ஓர் உறுத்தல் இருக்கட்டும்.

மறையூரிலிருந்து

———

பொத்தான் அகலம் பார்த்தேன். "இட்டுநிரப்பு" கைப்பேசித் திரையில் ஒரே வரியில் அடங்குகிறது. "இட்டுநிரப்பிய பகுதிகளைக் காட்டு" உடைகிறது. "இட்டுநிரப்புகளைக் காட்டு" என்று சுருக்கினால் அடங்கும். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், இல்லையென்றால் ஏற்றிவிடுகிறேன். "உள்ளீட்டுக் குறிப்பு" பற்றித் தனி இழையில் பேசுவோம். அது பழைய பதிப்புகளையும் தொடுகிறது.

உடுமலையிலிருந்து