புதுப்பிப்பு: சுபாய் போய் வந்தாச்சு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யனின் கிளையான ஹவாசு பள்ளத்தாக்குக்கும் அதன் அடியில் உள்ள சுபாய் ஊருக்கும் எப்படிப் போவது என்று முன்பு இந்த இழையில் கேட்டிருந்தேன். போய் வந்ததில் தெரிந்துகொண்டவை இவை.

பெட்ரோலை வழியிலுள்ள கிங்மன் ஊரிலோ செலிக்மன் ஊரிலோ நிரப்பிவிடுங்கள். ரூட் 66 நெடுஞ்சாலையில் கிங்மனிலிருந்து வந்தால் பீச் ஸ்பிரிங்ஸ் ஊரைத் தாண்டிப் பிரியும் சாலை, 100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, வழியில் ஒரு கடைகூடக் கிடையாது. சாலை முடியும் ஹுவாலபாய் ஹில்டாப்பில் தண்ணீரும் கிடைக்காது.

அங்கிருந்து சுபாய் ஊருக்கு 13 கிலோமீட்டர் இறக்கம். நடை, கோவேறு கழுதை, ஹெலிகாப்டர் தவிர வேறு வழியில்லை. தபாலும் கழுதை மேல்தான் வருகிறது. ஊர்க்காரர்களின் மளிகைச் சாமான்கூட இப்படித்தான். அந்தக் கழுதை வரிசை எதிரே வந்தால் மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள், பள்ளத்துப் பக்கம் வேண்டாம்.

ஒரே நாளில் போய்த் திரும்பலாமா என்று கேட்டவருக்கு: அனுமதி இல்லை. தங்க முன்பதிவு கட்டாயம், மது கொண்டுபோகக் கூடாது. ஹவாசுபாய் என்ற பூர்வகுடி மக்களின் சொந்த நிலம் அது. மேட்டு நிலத்தில் சுமார் 1,85,000 ஏக்கரை 1975-இல்தான் போராடித் திரும்பப் பெற்றார்கள். விதிகள் கடுமை என்ற புலம்பல் எனக்குப் புரியவில்லை.

அப்புறம், பழைய படங்களில் உள்ள நவாஹோ அருவியைத் தேடாதீர்கள். 2008 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஆறே திசை மாறிவிட்டது. அருகிலேயே புதிய அருவிகள் உண்டு. ஜூலை முதல் செப்டம்பர் வரை திடீர் வெள்ளம் வரலாம், வானிலை பார்த்துக் கிளம்புங்கள்.