மறு: கூண்டுப் பறவையோட ராத்திரித் துள்ளலுக்கு என்ன சொல்?

> 'இடம்பெயர்வு அமைதியின்மை'ன்னே வெச்சுக்கலாமே, அர்த்தம் சரியாத்தானே இருக்கு?

எல்லார்த்துக்கும் வணக்கமுங்க. வலசை போற குருவியைக் கூண்டுல வெச்சா, கெளம்பற காலத்துல ராத்திரியில துள்ளிக்கிட்டே இருக்குமே, அதுக்குத் தமிழ்ல என்ன சொல் வெக்கலாம்னுதானே பேச்சு. அண்ணா, அர்த்தம் சரிதான், ஆனா அதைப் படிச்சா அகதி முகாமும் 144 தடையுத்தரவும்தான் ஞாபகத்துக்கு வருது, குருவி வரமாட்டேங்குது. இதுக்கு ஜெர்மன்ல 'ட்சூக்உன்ரூஅ'ன்னு (Zugunruhe) ரெண்டு சொல்லை ஒட்டி வெச்சிருக்காங்க, அதைப் பிரிச்சு ஒவ்வொண்ணா தமிழ்ல மாத்தி திரும்ப ஒட்டுனா இப்படித்தான் வரும்.

அங்க என்ன நடக்குதுன்னு பாருங்க. கூண்டுல எரைக்குப் பஞ்சமில்ல, குளிரில்ல, தொரத்த ஆளில்ல. இருந்தும் வெளிய இருக்கற அதோட கூட்டம் கெளம்பற மாசம் வந்துட்டா, ராத்திரி தூங்க வேண்டிய குருவி துள்ளிக்கிட்டும் றெக்கையடிச்சுக்கிட்டும் கெடக்குது. பகல் பொழுது நீள்றது குறையறது, அதோட ஒடம்புக்குள்ளயே ஓடற வருசக் கணக்கு, இதுக ரெண்டுந்தான் அதைக் கெளப்பி விடுது. துள்றதும் போக வேண்டிய தெசைப் பக்கமாத்தான். 1966-ல எம்லன்னு அப்பாவும் மகனுமா சேந்து ஒரு காகிதப் புனல் செஞ்சாங்க, அடியில மை ஒத்தி, மேல கம்பிவலை, குருவி துள்ளித் துள்ளிச் சறுக்குனா காகிதத்துல கால் மை ஒட்டும், எந்தப் பக்கம் மை அப்பிக் கெடக்குதோ அதுதான் அது போகணும்னு நெனைக்கிற தெசை. இவ்வளவு எளிசான கருவிய நான் பாத்ததில்லீங்க.

அந்த மகன் அப்புறம் கோளரங்கத்துல இன்னொண்ணு செஞ்சாரு. அமெரிக்காவுல இருக்கற ஒரு நீலக் குருவியோட குஞ்சுகளுக்கு, துருவ நட்சத்திரத்துக்குப் பதிலா திருவாதிரையை நடுவுல வெச்சு வானத்தைச் சுத்த விட்டுக் காட்டி வளத்தாரு. அதுக திருவாதிரையையே வடக்குன்னு எடுத்துக்கிட்டு, தெக்க போற காலத்துல அதுக்கு எதிர்ப்பக்கமாத் துள்ளுச்சு!

இதுக்கு 'தவிப்பு'ன்னா தண்ணிக்குத் தவிக்கிற மாதிரி, 'துடிப்பு'ன்னா இதயத்துக்குப் போயிரும். எங்க அமத்தா பொறந்த ஊர்ல மாரியாத்தா நோம்பி சாட்டிட்டாங்கன்னு சேதி வந்தாப் போதும், வீட்டுல ஒரு கொறையும் இல்லாட்டியும் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துக்கிட்டே இருக்கும், 'எனக்கு இருப்பே கொள்ளலடா'ன்னும். காலமும் தெசையும் ரெண்டுமே அந்தச் சொல்லுக்குள்ள இருக்குதுங்க. அதனால என் ஓட்டு 'இருப்புக்கொள்ளாமை'.

நீளமா இருக்குது, 'இருப்பின்மை'ன்னு சுருக்கலாம்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு. வேண்டாமுங்க, அது ரேசன் கடை போர்டு. நீளம்னாலும் இது வளையுது பாருங்க: 'இருப்புக்கொள்ளாத நாள்கள்', 'எத்தனை ராத்திரி இருப்புக்கொள்ளாம இருந்துச்சு'ன்னெல்லாம் கட்டுரையில எழுதலாம். அந்தக் கணக்கு முக்கியமும் கூட, ஏன்னா தூரம் போற இனம் அதிக நாள் துள்ளுது, கிட்டத்துல நிக்கிற இனம் சீக்கிரம் அடங்கிருது, இது பரம்பரையா வர்றதுன்னு ஐரோப்பாவுல கதிர்க்குருவிகளை வளத்துப் பாத்திருக்காங்க.

ஒண்ணுதான் எனக்குப் பிடிபடல. இது கூண்டுப் பறவைக்கு உண்டான சொல். திருப்பூர் நஞ்சராயன் குளத்துல ஊசிவால் வாத்துக கெளம்பறதுக்கு முன்னாடி கூட்டமா எந்திரிச்சு வட்டமடிச்சுட்டு மறுபடி தண்ணிலயே எறங்குதுன்னு வெச்சுக்குங்க, அதுக்கும் இதே சொல்லைப் போடலாமா, இல்ல வேற வேணுமா? கொளத்துப் பக்கம் காலைல போறவங்க சொல்லுங்க.